கரை நின்றது, கலிங்கு போனது

அமெரிக்காவின் அணைகளில் மிக உயரமானது கலிஃபோர்னியாவின் ஓரோவில் அணை. உயரம் 770 அடி. கான்கிரீட் அல்ல, மண் அணை. அந்த மண்ணும் கல்லும் எங்கிருந்து வந்தன என்பதிலிருந்து இதன் கதையைத் தொடங்குவதே முறை. ஃபெதர் ஆற்றங்கரையில் உள்ள ஓரோவில் ஊரில், 1898-இல், வாளிச் சங்கிலி பூட்டிய மிதவை இயந்திரங்கள் படுகையைத் தோண்ட ஆரம்பித்தன. சரளையை அள்ளி, அலசி, தங்கத் துகளை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை முதுகுக்குப் பின்னால் கொட்டிக்கொண்டே நகர்ந்தன. விளைநிலமாக இருந்த இடமெல்லாம் கூழாங்கல் மேடாயிற்று. அறுபது ஆண்டுகள் யாருக்கும் உதவாமல் கிடந்த அந்த மேடுகளைத்தான் 1960-களில் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து அணையாகக் குவித்தார்கள்.

தங்கம் ஆற்றுக்கு இன்னொரு தீங்கும் செய்திருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சியரா நெவாடா மலைச் சரிவுகளை உயர் அழுத்த நீர்ப் பீரங்கிகளால் கரைத்துத் தங்கம் எடுத்தார்கள். கரைந்த மலை யூபா, ஃபெதர் ஆறுகளில் வண்டலாக இறங்கிப் படுகையை உயர்த்தியது. 1884-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கழிவை ஆற்றில் விடுவதைத் தடை செய்தது. ஆனால் இறங்கிய வண்டல் இறங்கியதுதான். படுகை உயர உயரக் கீழேயிருந்த மேரிஸ்வில், யூபா சிட்டி ஆகிய ஊர்கள் தம் கரைகளையும் உயர்த்திக்கொண்டே போயின. 1955 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஃபெதர் ஆற்றின் கரை உடைந்து யூபா சிட்டி பகுதியில் 38 பேர் இறந்தார்கள். மேலே ஓர் அணை வேண்டும் என்ற பேச்சுக்கு அந்த வெள்ளம் அவசரம் கொடுத்தது. வடக்கே மிகுதியாகப் பெய்யும் மழையை வறண்ட தெற்குக்குக் கொண்டுபோகும் மாநில நீர்த் திட்டத்துக்கும் தலைமடையாக ஓர் அணை தேவைப்பட்டது. 1960 நவம்பரில் கலிஃபோர்னிய வாக்காளர்கள் 175 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் சம்மதம் சொன்னார்கள்.

மண் அணை என்றதும் மண்ணைக் கொட்டி மேடாக்குவதுதானே என்று தோன்றலாம். உண்மையில் அதற்குள் ஒவ்வோர் அடுக்குக்கும் தனி வேலை உண்டு. நடுவில் நீர் புகாத களிமண் கலந்த கரு. ஓரோவிலில் அது நீர்ப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. கருவை ஒட்டி இருபுறமும், நுண்ணிய துகள் அடித்துச் செல்லப்படாமல் தடுக்கும் இடை அடுக்கு. அதற்கு வெளியே எடையும் உறுதியும் தரும் சரளை. கரு நீரைத் தடுக்கிறது, சரளை கருவைத் தாங்குகிறது. கசிந்து வரும் சொற்ப நீர் சரளை வழியே அழுத்தம் இல்லாமல் வடிந்துவிட வேண்டும். தங்கத்துக்காக ஏற்கெனவே அலசிப்போட்ட கல்லில் சேறு குறைவு, உருண்டு தேய்ந்த கல் உறுதியானது. இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் அந்த வட்டாரத்தில் இல்லை. பரப்புவது, ரோலர் விட்டு இறுக்குவது, மறுபடி பரப்புவது என்று 6 கோடி கன மீட்டருக்கும் மேல் குவித்தார்கள். அணையின் உச்சி நீளம் 6,920 அடி, அதாவது 2 கிலோமீட்டருக்கு மேல்.

பாதி எழுந்திருந்தபோதே அணை ஒரு சோதனையைச் சந்தித்தது. 1964 டிசம்பர் 22-இல் ஃபெதர் ஆற்றில் நீர்வரத்து வினாடிக்கு 2,50,000 கன அடியைத் தொட்டது. திசைதிருப்பு சுரங்கங்கள் வழியே அதிகபட்சம் 1,57,000 கன அடிதான் வெளியேறியது. எஞ்சியது முடியாத கரைக்குப் பின்னால் ஏறிக்கொண்டே போய், உச்சியை நெருங்கி, இறங்கியது. கீழே ஊர்கள் தப்பின. கட்டுமானத்தில் 34 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் நால்வர் 1965 அக்டோபரில் சுரங்கத்துக்குள் இரண்டு சரக்கு ரயில்கள் மோதியதில் இறந்தவர்கள். நிரம்பிய ஏரிக்கு அடியில் கொன்கோ மைடு பழங்குடியினரின் ஊர்களும் இடுகாடுகளும் போயின. இந்த இழப்பு திட்ட ஆவணங்களில் பெறும் இடம் மிகச் சிறியது. 1968 மே மாதம் நடந்த திறப்பு விழாவில் ஆளுநர் ரொனால்ட் ரீகன் பேசினார்.

அணையின் கொள்ளளவு சுமார் 150 டி.எம்.சி. இத்தனை நீரை மண்ணால் நிறுத்திவைப்பது பாதுகாப்பா என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் எழும். நன்றாகக் கட்டிய மண் அணை நிலநடுக்கத்தில் நெளிந்து கொடுக்கும், தன் எடையால் நிற்கும். 1975 ஆகஸ்ட் 1-இல் ஓரோவிலுக்குத் தெற்கே ரிக்டர் அளவில் 5.7 நடுக்கம் வந்தபோது அணைக்குப் பெரிய சேதம் ஏதும் இல்லை. அந்த நடுக்கத்தால் பாதிக்கப்பட்டது, இன்னும் கட்டி முடிக்காத ஆபர்ன் அணைதான். அமெரிக்கன் ஆற்றில் மெல்லிய கான்கிரீட் வளைவாக எழவிருந்த அதன் வடிவமைப்பு மறுபரிசீலனைக்குப் போய், கடைசியில் கைவிடப்பட்டது.

மண் அணைக்கு எமன் வேறு இரண்டு. ஒன்று உள்ளரிப்பு. கசிவு நீர் கருவிலிருந்து துகள் துகளாக மண்ணை இழுத்து வெளியேற்றி, உள்ளே குழாய்போல வழி செய்துவிடும். 1976 ஜூன் 5-இல் ஐடஹோ மாநிலத்தின் டீட்டன் அணை முதல்முறை நிரம்பிக்கொண்டிருந்தபோது இப்படித்தான் சில மணி நேரத்தில் கரைந்தது. 11 பேர் இறந்தார்கள். மற்றது, நீர் கரைக்கு மேல் வழிவது. கான்கிரீட் அணை கொஞ்ச நேரம் வழிந்தாலும் தாங்கும். மண் அணை தாங்காது. வழியும் நீர் பின்சரிவை அறுக்கத் தொடங்கினால் நிறுத்த வழியே இல்லை. அதனால் ஒரு மண் அணையின் ஆயுள் அதன் கரையில் இருப்பதைவிட அதன் கலிங்கில், அதாவது உபரி நீரை வெளியேற்றும் வழியில்தான் இருக்கிறது. நம் ஏரிகளைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கரைக்குச் செலவிட்ட கவனத்தைக் கலிங்குக்கும் கொடுத்தார்கள். ஓரோவிலில் அந்தக் கவனம் எங்கே தவறியது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கு முன், நீர் வெளியேறும் வழிகளில் ஒன்றான மின்நிலையத்தைப் பார்த்துவிட வேண்டும். பின்னால் நடந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

இடக்கரையின் பாறைக்குள் குடைந்த பெரும் குகையில் எட்வர்ட் ஹயாட் மின்நிலையம் இருக்கிறது. ஆறு இயந்திரங்கள், சுமார் 645 மெகாவாட். மூன்று இயந்திரங்கள் வழக்கமான டர்பைன்கள். மற்ற மூன்றும் இருவழி வேலை செய்பவை. ஒரு பக்கம் சுழன்றால் மின்சாரம் தரும், மறுபக்கம் சுழற்றினால் மோட்டாராகி நீரை மேலே ஏற்றும். முழு வேகத்தில் ஓடினால் வினாடிக்கு ஏறத்தாழ 17,000 கன அடி கீழே இறங்கும். மேலேற்றும் திறன் 5,600 கன அடி. இதுவே நீரேற்று மின்நிலையம். மின்சாரத்துக்கு விலையில்லாத நேரத்தில் அதைக் கொடுத்து நீரை மேலே ஏற்றிவைத்து, விலையுள்ள நேரத்தில் இறக்கி எடுப்பது. நான்கு பங்கு செலவழித்தால் மூன்று பங்குதான் திரும்பும். ஆனாலும் ஒரு நகரத்துக்குத் தேவையான அளவு மின்சாரத்தை நாள்கணக்கில் சேமித்துவைக்க நெடுங்காலம் இதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை.

ஓரோவிலின் ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் கீழ்ப்பகுதி. மின்தேவைக்கு ஏற்ப மதியம் வெள்ளமும் இரவில் வறட்சியுமாக ஆற்றில் நீர் விட்டால் கரை சரியும், மீன் சாகும், பாசன மதகுகள் தடுமாறும். எனவே ஹயாட்டிலிருந்து வரும் நீரைக் கீழே ஒரு தடுப்பணை பிடித்து, சுமார் 3 கிலோமீட்டர் நீளக் கால்வாயில் திருப்பி, தெர்மலிட்டோ முன்தேக்கத்துக்கு அனுப்புகிறது. அங்கே இன்னொரு மின்நிலையம், 100 அடி வீழ்ச்சி, நான்கு இயந்திரங்கள். அவற்றில் மூன்று இருவழி. அதைத் தாண்டினால் தெர்மலிட்டோ பின்தேக்கம், சுமார் இரண்டரை டி.எம்.சி. மின்சாரத்தின் ஏற்ற இறக்கங்களையெல்லாம் இந்தப் பின்தேக்கம் உள்வாங்கிக்கொண்டு, ஆற்றுக்குச் சீராக நீர் விடும். நீரேற்றும் நேரத்தில் இவை அனைத்தும் தலைகீழ். பின்தேக்கத்திலிருந்து தெர்மலிட்டோ நிலையம் நீரை உறிஞ்சும், கால்வாய் எதிர்த்திசையில் ஓடும், ஹயாட் அதை மேலே ஏரிக்குத் தள்ளும். ஒரே கால்வாய் இரு திசையிலும் ஓடும்படி அமைத்திருக்கிறார்கள்.

இத்தனை மின்சாரமும் எங்கே போகிறது? பெரும்பகுதி தண்ணீரையே தூக்கப் போகிறது. ஓரோவிலிலிருந்து புறப்படும் நீர் சாக்ரமென்டோ ஆற்றின் முகத்துவாரம் வரை இறங்கி, அங்கிருந்து பம்புகளால் கால்வாயில் ஏற்றப்பட்டு, தெற்கே தெஹாச்சபி மலையை அடைகிறது. மலையடியில் எட்மன்ஸ்டன் நீரேற்று நிலையத்தின் 14 பம்புகள் ஒரே மூச்சில் அதை 1,926 அடி உயரத்துக்குத் தள்ளுகின்றன. மாநில நீர்த் திட்டம் தான் உற்பத்தி செய்வதைவிட அதிகமான மின்சாரத்தைச் செலவழிக்கிறது. கலிஃபோர்னியாவிலேயே மிகப்பெரிய தனி மின் நுகர்வோர் அதுதான்.

பின்தேக்கத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பொறியாளர்கள் அல்லாதவர்கள் அதிகம் பேசாத வேலை அது. ஓரோவிலுக்குக் கீழே ரிச்வேல், பிக்ஸ், கிரிட்லி வட்டாரங்கள் நெல் வயல்கள். பிக்ஸ் ஊரில் 1912 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கே உருவாகி 1948-இல் வெளியான கால்ரோஸ் ரகம் இன்று உலகச் சந்தையில் ஒரு பெயர். 770 அடி அணையின் அடியாழத்திலிருந்து வரும் நீர் கடும் குளிர். அதை நேரே வயலுக்கு விட்டால் மடைவாயை ஒட்டிய பயிர் வளராமல் நிற்கும், கதிர் பிடிக்கும் பருவத்தில் குளிர் தாக்கினால் மகரந்தம் மலடாகி மணி பதராகும். பின்தேக்கத்தை ஆழமில்லாமல் 4,000 ஏக்கருக்கும் மேல் அகலமாகப் பரப்பியதற்கு ஒரு காரணம் இதுதான். வெயிலில் நீர் சூடேறட்டும் என்று விட்டுவைக்கும் குளம் அது. விதைப்புக் காலத்தில் 18 டிகிரி செல்சியஸையொட்டிய நீரை விவசாயிகள் விரும்புகிறார்கள்.

அதே நீரைக் குளிராகக் கேட்பவையும் உண்டு. சால்மன் மீன் முட்டையிடக் குளிர்ந்த, ஓடும் நீர் வேண்டும். வசந்தத்தில் ஆற்றேறி வரும் சினூக் சால்மன் அணைக்கு முன் மலைக்குள் நெடுந்தூரம் போய்க் கோடையைக் கழிக்கும். அந்த வழியை அணை அடைத்துவிட்டது. ஈடாக 1967-இல் ஓரோவிலில் மீன்குஞ்சு பொரிப்பகம் கட்டினார்கள். பொரிப்பகத்துக்கு வரும் நீர் சூடாகிவிடக் கூடாது. ஆகவே ஹயாட்டின் நீர்வாயில் அடுக்கடுக்காகத் தடுப்புகள் வைத்திருக்கிறார்கள். எந்த ஆழத்து நீரை எடுப்பது என்பதை அவற்றை நீக்கியும் வைத்தும் தீர்மானிக்கலாம். வெப்பம் வரம்பு மீறும்போது எடுக்க வேண்டிய நடவடிக்கைகளில் ஒன்று, நீரேற்றத்தை நிறுத்துவது. ஏனென்றால் பின்தேக்கத்தில் வெயில் காய்ந்த நீரை மேலே ஏற்றினால் அந்தச் சூடும் ஆற்றுக்குத் திரும்பிவிடும். ஆக, நெல்லுக்காகச் சூடேற்றும் ஏற்பாடு மீனுக்கு இடைஞ்சல், மீனுக்கான குளிர் மின்சாரத்துக்கு இடைஞ்சல். வெள்ளத்துக்கு ஏரி காலியாக இருக்க வேண்டும், தெற்கின் தாகத்துக்கு நிரம்பியிருக்க வேண்டும். இத்தனை பேருக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பதிலேயே நிர்வாகத்தின் அன்றாடம் கழிந்தது. அன்றாடத்தில் பங்கு கேட்காதது ஒன்றே ஒன்றுதான்: கலிங்கு. பெரும்பாலான நாள் அது காய்ந்து கிடக்கும்.

ஓரோவிலுக்குக் கலிங்குகள் இரண்டு. முதன்மைக் கலிங்கில் எட்டு ஷட்டர்கள். அவற்றுக்குக் கீழே 178 அடி அகலத்தில், 3,000 அடி நீளத்தில், மலைச்சரிவில் இறங்கும் கான்கிரீட் கால்வாய். பக்கத்தில் அவசரக் கலிங்கு. 1,730 அடி நீளமுள்ள வெறும் குட்டைச் சுவர். ஷட்டர் கிடையாது. ஏரி கடல் மட்டத்திலிருந்து 901 அடியைத் தாண்டினால் நீர் தானாக அதன்மேல் வழியும். சுவருக்குக் கீழே கால்வாய் இல்லை, தளம் இல்லை. மரமும் மண்ணும் சிதைந்த பாறையுமான மலைச்சரிவு மட்டும்.

அணையின் 50 ஆண்டு உரிமம் முடியும் தறுவாயில், 2005-இல், ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி ரிவர், சியரா கிளப், தென் யூபா ஆற்றுக் குடிமக்கள் அமைப்பு ஆகிய மூன்றும் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஒரு மனு கொடுத்தன. அந்தச் சரிவில் நீர் வழிந்தால் மண் அரித்து, சுவருக்கே ஆபத்து வரலாம், சரிவுக்குக் கான்கிரீட் போட உத்தரவிடுங்கள் என்பது கோரிக்கை. ஏற்கப்படவில்லை. 2006-இல் ஆணையத்தின் பொறியாளர் எழுதிய குறிப்பு, வினாடிக்கு 3,50,000 கன அடி வந்தாலும் அவசரக் கலிங்கு வடிவமைத்தபடியே வேலை செய்யும், அணைக்கு ஆபத்தில்லை என்று சொன்னது.

2017 பிப்ரவரி 7. மழை வலுத்திருந்தது. முதன்மைக் கலிங்கில் 50,000 கன அடியைச் சற்றே தாண்டி நீர் போய்க்கொண்டிருந்தபோது கால்வாயின் நடுவில் நீர் ஒழுங்கின்றிச் சிதறி எழுவதைப் பார்த்தார்கள். ஷட்டரை இறக்கிப் பார்த்தால் கான்கிரீட் தளத்தில் பெரும் பள்ளம். 1997 ஜனவரி வெள்ளத்தில் 1,60,000 கன அடியைச் சுமந்த கால்வாய், அதில் மூன்றில் ஒரு பங்கு நீருக்குப் பெயர்ந்துவிட்டது.

அடுத்து வந்த நாட்களின் முடிவுகள்தாம் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. கால்வாய் உடைந்த இடத்திலிருந்து மலை கரைந்து, கல்லும் மண்ணும் அடிவாரத்து ஆற்றில் குவிந்தன. ஆறு அடைபட்டதும் ஹயாட்டின் வெளிவாயில் நீர்மட்டம் ஏறியது. மின்நிலையத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 17,000 கன அடி போகும் வழி ஒன்று மூடிவிட்டது. கலிங்கில் இன்னும் அதிகம் திறந்தால் அரிப்பு பரவி மின்கோபுரங்களைச் சாய்க்கும் என்ற அச்சம். கோபுரம் சாய்ந்தால் மின்நிலையத்தை மறுபடி இயக்க மாதங்கள் ஆகும். குகைக்குள் வெள்ளம் புகலாம். ஆகவே முதன்மைக் கலிங்கின் நீர்த்திறப்பை 65,000, பிறகு 55,000 கன அடி என்று குறைத்தார்கள். ஏரி ஏறியது. அவசரக் கலிங்குதான் இருக்கிறதே, அது 3,50,000 கன அடியைத் தாங்கும் என்று ஆவணம் சொல்கிறதே. தெரிந்த ஆபத்திலிருந்து தப்பிக்க, தெரியாத ஒன்றை நம்பினார்கள். சரிவின் பாறை பலவீனமானது என்று நிலவியலாளர்கள் அந்த நாட்களிலேயே கவலை தெரிவித்தும் அது முடிவை மாற்றவில்லை.

பிப்ரவரி 11 காலை ஏரி 901 அடியைத் தாண்டியது. அணையின் வரலாற்றில் முதல்முறையாக அவசரக் கலிங்கில் நீர் வழிந்தது. உச்சத்தில் 12,600 கன அடி. குறிப்பு வாக்களித்த 3,50,000-இல் இது நான்கு சதவீதம்கூட இல்லை. மறுநாள் பிற்பகலுக்குள் சரிவு பின்னோக்கி அறுபட்டு, பள்ளங்கள் சுவரின் அடியை நெருங்கின. சுவர் சாய்ந்தால் 30 அடி உயர நீர் கட்டுப்பாடின்றி இறங்கும். ஞாயிறு மாலை பியூட் கவுண்டி ஷெரிஃப் கோரி ஹோனியா வெளியேற்ற உத்தரவு கொடுத்தார். மூன்று கவுண்டிகளில் சுமார் 1,88,000 பேர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சாலைகள் மணிக்கணக்கில் திணறின. அதே வேளையில் அணையில், உடைந்த முதன்மைக் கலிங்கையே 1,00,000 கன அடிக்குத் திறந்தார்கள். கோபுரம் போனால் போகட்டும். இரவு எட்டு மணிவாக்கில் ஏரி 901-க்குக் கீழே இறங்கி, அவசரக் கலிங்கில் வழிவது நின்றது. இரண்டு நாள் கழித்து மக்கள் வீடு திரும்பினார்கள். அத்தனை நேரமும் 770 அடி மண் கரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

கரை நின்றது என்று அதிகாரிகள் பலமுறை சொன்னார்கள். உண்மைதான். ஆனால் ஊரைக் காலி செய்த குடும்பத்துக்கு அதில் என்ன ஆறுதல்? சுவர் விழுந்திருந்தாலும் கரை நின்றிருக்கும், ஊர் போயிருக்கும்.

ஆறு பேர் கொண்ட சுயேச்சைத் தடயவியல் குழு 2018 ஜனவரியில் ஏறத்தாழ 600 பக்க அறிக்கை கொடுத்தது. அணை ஆவணங்களில் இவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டவை குறைவு. கால்வாய்த் தளத்தின் கீழே போட்ட வடிகுழாய்கள் கான்கிரீட்டுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து, அந்த வரிசைகளில் தளத்தின் கனத்தைப் பாதியாக்கியிருந்தன. கட்டி முடித்த கொஞ்ச காலத்திலேயே குழாய்க்கு நேர் மேலே விரிசல்கள் ஓடின. விரிசலும் இணைப்பும் வழியே புகுந்த வேகநீர் தளத்துக்கு அடியில் அழுத்தம் உண்டாக்கி, பலகையைத் தூக்கிவிட்டது. தளம் உட்கார்ந்திருந்ததோ பல இடங்களில் களிமண்ணாகச் சிதைந்த பாறை. அந்தப் பாறையின் தரம் 1960-களின் நிலவியல் அறிக்கைகளிலேயே பதிவாகியிருந்தது. நல்ல பாறை என்ற அனுமானத்தில் வடிவமைப்பு நடந்துவிட்டது. கலிங்கு வடிவமைப்பின் பொறுப்பு, முதுநிலைப் படிப்பிலிருந்து நேரே வேலைக்கு வந்த, கலிங்கு வடிவமைத்த அனுபவமே இல்லாத ஒருவரிடம் இருந்தது. அமெரிக்காவின் உயரமான கரையைக் கட்டிய நிறுவனம் அதன் கலிங்கை ஒரு புதியவரிடம் ஒப்படைத்திருந்தது என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தவறு அவருடையது அல்ல. எந்த வேலை முக்கியம் என்று நிறுவனம் எடைபோட்டதில் இருக்கிறது.

அதன்பின் அரை நூற்றாண்டாக ஆய்வாளர்கள் முறை தவறாமல் வந்துபோனார்கள். விரிசல் கண்டார்கள், பூசினார்கள், அடுத்த முறையும் கண்டார்கள். எப்போதும் இருக்கும் விரிசல் என்பதால் அது சாதாரணமாகிவிட்டது. குழு இதை ஒரு தனிமனிதரின் பிழையாகக் காணவில்லை. மாநில நீர்வளத் துறை, ஒழுங்குமுறை அமைப்புகள், அந்தத் தொழிலின் பொது நடைமுறை எல்லாமே நெடுங்காலமாகத் தவறவிட்டதாகக் கண்டது.

கலிங்கைப் பற்றிய இதே பாடத்தை நீரேற்று நிலையங்களுக்கு இன்னும் கூர்மையாகச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி மிசௌரி மாநிலத்தில் நடந்தது. டாம் சாக் நீரேற்று நிலையத்தின் மேல்தேக்கம் ஒரு மலையுச்சியில் கற்குவியலால் சுற்றிக் கட்டியது. அதற்குக் கலிங்கே இல்லை. அங்கே ஆறு எதுவும் வந்து சேர்வதில்லை, நீரை ஏற்றுவது மனிதன்தான், நிரம்பியதும் பம்பை நிறுத்திவிட்டால் போதும் என்பது கணக்கு. 2005 டிசம்பர் 14 விடியற்காலை நீர்மட்டக் கருவிகள் தம் இடத்திலிருந்து பிசகி, உண்மையைவிடக் குறைவாகக் காட்டின. பம்புகள் ஏற்றிக்கொண்டே இருந்தன. நீர் கரைமேல் வழிந்து, கரை திறந்து, அரை மணிக்குள் தேக்கம் காலியாயிற்று. கீழே பூங்காக் கண்காணிப்பாளரின் வீட்டை அடித்துச் சென்றது. அந்தக் குடும்பம் உயிர்பிழைத்தது பெரும் பேறு. 2010-இல் மீண்டும் இயங்கத் தொடங்கிய புதிய தேக்கத்தைக் கான்கிரீட்டால் கட்டினார்கள், வழிந்தோட ஓரிடமும் வைத்தார்கள்.

ஓரோவிலின் சீரமைப்புக்கும் அவசர வேலைகளுக்குமாக 110 கோடி டாலர் ஆனது. முதன்மைக் கலிங்கு அடியோடு புதிதாகக் கட்டப்பட்டது. தளத்தின் சராசரிக் கனம் இப்போது ஏழரை அடி. அவசரக் கலிங்கின் சுவருக்குக் கீழே கான்கிரீட் தாங்கலும் தளமும், அதற்கும் கீழே மலைக்குள் ஆழமாக இறங்கும் தடுப்புச் சுவரும் வந்துவிட்டன. 2005 மனு கேட்டதற்கு மேலாகவே செய்திருக்கிறார்கள். புதிய கலிங்கில் 2019 ஏப்ரல் 2-இல் முதல் நீர் இறங்கியது.

பிறகு வறட்சி வந்தது. 2021 ஆகஸ்ட் 5-இல் ஏரிமட்டம் ஹயாட்டின் நீர்வாய்க்குத் தேவையான 640 அடியை ஒட்டி வந்ததும், அணை கட்டிய நாளிலிருந்து முதல்முறையாக, நீரில்லாமல் மின்நிலையம் நின்றது. 2023 கோடையில் ஏரி மறுபடி நிரம்பியது, 2024-இலும் நிரம்பியது. காலியும் நிறைவும் இவ்வளவு நெருங்கி வரும் காலத்தில், நீரேற்று இயந்திரங்களுக்குப் புதிய பொருளும் கிடைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் வசந்த காலத்து நண்பகலில் சூரிய மின்சாரம் தேவைக்கு மேல் குவிந்து, விலை பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. ஒரு காலத்தில் நள்ளிரவில் செய்த நீரேற்றத்தை இனி உச்சி வெயிலில் செய்வதே லாபம். உலகெங்கும் நீரேற்றுத் திட்டங்கள் பேசப்படுவதற்கும், தமிழ்நாட்டில் காடம்பாறைக்கு அடுத்துக் குந்தாவில் கட்டப்படுவதற்கும் இதுதான் காரணம். இந்த அவசரம் நியாயமானது. சூரியனை இரவுக்கு எடுத்துவைக்க நமக்கு வழி வேண்டும்.

ஆனால் ஓரோவிலில் ஒரு கணக்கு இன்னும் பாக்கியிருக்கிறது. முதன்மைக் கலிங்கின் ஷட்டர்கள் உட்கார்ந்திருப்பது 813 அடி மட்டத்தில். ஏரி அதற்குக் கீழே இருக்கும்போது நீரை வெளியேற்ற டர்பைன்களும், அடியில் ஓர் ஆற்று வால்வு அமைப்பும் மட்டுமே உள்ளன. கரையில் ஏதேனும் கோளாறு கண்டு ஏரியை அவசரமாக இறக்க வேண்டுமானால் இந்த இரண்டையும்தான் நம்பியாக வேண்டும். மாநில நீர்வளத் துறை 2020-இல் முடித்த விரிவான ஆய்வு, உடனடியாகச் செய்தாக வேண்டிய பழுது ஏதும் இல்லை என்றது. நான் அதை அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். ஆற்று வால்வு அமைப்பு 2009 ஜூலையில் ஒரு சோதனையின்போது சுவரைப் பெயர்த்துத் தொழிலாளர்களைக் காயப்படுத்தியது, சில ஆண்டுகளுக்குப் பிறகே சீரானது. 2012 நவம்பரில் தெர்மலிட்டோ நிலையத்தில் தீப்பிடித்தது, அது மீள ஆண்டுகள் பிடித்தன. 2017-இல் குப்பை அடைத்து ஹயாட் நின்றது, 2021-இல் நீர் வற்றி நின்றது. மின்நிலையத்தை மின்நிலையமாக மட்டும் எண்ண வேண்டும். நீர்ப்போக்கிகளின் கணக்கில் அதைச் சேர்க்காமல் பார்த்தால், 150 டி.எம்.சி. ஏரியின் அடியில் மிஞ்சுவது அந்த ஒரே வால்வு அமைப்புதான். பாறைக்குள் ஓர் அடிமட்டச் சுரங்க மதகு வெட்டுவதற்குச் செலவு பெரிதாகத்தான் இருக்கும். 2017-இன் 110 கோடி டாலரைப் பக்கத்தில் வைத்து அந்தச் செலவை எடைபோட வேண்டும்.